குளுக்கோஸ் சக்கரத்தைத் திருகியவன் நான்தான்

சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. நீல நிறம். கட்டைவிரல் வழுக்காமல் இருக்க விளிம்பில் பல் பல்லாக வெட்டியிருக்கும். குளுக்கோஸ் பாட்டிலிலிருந்து கைக்கு இறங்குகிற குழாயின் நடுவில், ஒரு வெள்ளைக் கூட்டுக்குள் அது உட்கார்ந்திருக்கும். மேலே தள்ளினால் சொட்டு வேகமாக விழும், கீழே தள்ளினால் நின்றுவிடும். இருபது வருடமாக மெஷின்களோடு கிடக்கிறவன் நான். எத்தனையோ சக்கரம், வால்வு, கைப்பிடி பார்த்துவிட்டேன். இருந்தும் கண்ணை மூடினால் முதலில் வந்து நிற்பது அந்தப் பிளாஸ்டிக் சக்கரம்தான். பாப்பா, தம்பி, உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். பாப்பாவுக்கு இந்தக் கதை தெரியும், அவள்தான் இதில் நோயாளி. தம்பி, நீ அப்போது அம்மா வயிற்றில் ஏழு மாதம். இப்போது உனக்கு ஏழு வயது. அன்றைக்கு உன் அக்காவுக்கும் அதே ஏழு வயதுதான். அதனால் உனக்குச் சொல்ல இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

நாம் அப்போது மத்திகிரியில் ஒரே வரிசையாக இருந்த ஆறு வாடகை வீடுகளில் நாலாவது வீட்டில் குடியிருந்தோம். மழைக்காலம். குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாததால் வீட்டுக்கு இரண்டு நீல டிரம் நிறைய தண்ணீர் பிடித்து வைத்திருப்போம். கொசு எங்கிருந்து வருகிறது என்று ஊரெல்லாம் தேடினோம், அந்த டிரம்மை மட்டும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பாப்பாவுக்கு மூன்று நாள் கடுமையான காய்ச்சல். நாலாம் நாள் காலையில் தொட்டுப் பார்த்தால் உடம்பு ஜில்லென்று இருந்தது. எங்களுக்கு ஒரே சந்தோஷம்! "காய்ச்சல் உட்டுடுச்சு" என்று அம்மா பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லிவிட்டு ரசம் வைத்தாள். நான் நிம்மதியாக முதல் ஷிஃப்டுக்குப் போனேன். காய்ச்சல் விடுகிற அந்த நாள்தான் இந்த நோயில் ஆபத்தான நாள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. ஒன்பது மணிக்கு அம்மா போன் செய்தாள். குழந்தை வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்திருக்கிறாள், இரண்டு தடவை வாந்தி, எழுந்து உட்காரக்கூட மாட்டேன் என்கிறாள். சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு, எண்ணெய்க் கறை படிந்த யூனிஃபார்மோடு ஓடினேன். ஆட்டோவில் என் மடியில் கிடந்த குழந்தையின் பாதம் மழையில் நனைந்த கல் மாதிரி இருந்தது.

பெரிய அரசு ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டு அன்றைக்குத் திருவிழாக் கூட்டம்தான். ஒரு கட்டிலில் இரண்டு குழந்தை, தலைமாட்டில் ஒன்று கால்மாட்டில் ஒன்று. நடைபாதையில் பாய். ஓசூர்ப் பக்கத்துக் கம்பெனி ஆட்கள், தளி மலையிலிருந்து வந்தவர்கள், ஆந்திர எல்லைக் கிராமத்துக்காரர்கள், எல்லோரும் ஒரே கூடத்தில். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் கலந்த அழுகை. வாசலிலேயே என்னைத் தடுத்துவிட்டார்கள். அந்த வார்டில் குழந்தையோடு தங்கப் பெண்களுக்கு மட்டும்தான் அனுமதி. ராத்திரியும் பகலும் தாய்மார்கள் பால் கொடுத்துக்கொண்டும் படுத்துக்கொண்டும் இருக்கிற இடம், அந்த விதி நியாயமானதுதான். ஆனால் நான் என்ன செய்ய? அப்போதுதான் அவர் வந்தார். வார்டுக்கே தலைவி. எல்லோரும் அவரைப் 'பெரிய சிஸ்டர்' என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். காவேரிப்பட்டினத்துக்காரர். குள்ளமான உருவம். முன்கையில் பிளாஸ்திரித் துண்டுகளை வரிசையாக வெட்டி ஒட்டி வைத்திருப்பார், அவசரத்துக்குக் கத்தரிக்கோல் தேட வேண்டாம் என்று.

"ஆம்பளைங்க வெளிய நில்லுங்க. கொழந்தையோட அம்மா எங்க?"

"வீட்ல இருக்குது சிஸ்டர். ஏழு மாசம். வேற பொம்பள ஆளு இல்ல."

"ஏழு மாசமா? அய்யோ, அவங்கள இந்தப் பக்கமே கூட்டியாந்துடாதீங்க. கொசு கடிச்ச கொழந்தைங்களா கெடக்குதுங்க இங்க." ஒரு நிமிடம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி, நீங்களே இருங்க. பால் குடுக்கற அம்மாங்க இருக்காங்க, தலைய குனிஞ்சுக்கினு இருக்கணும். நான் சொல்றதத்தான் கேக்கணும். உங்களப் பத்தி ஒரே ஒரு புகார் வந்தாலும் வெளியதான், சொல்லிட்டேன்."

தலையை ஆட்டினேன். இப்படித்தான் நாற்பது தாய்மார்களுக்கு நடுவே மீசை வைத்த ஒரே ஆளாக நான் உள்ளே போனேன்.

பெரிய சிஸ்டரிடம் ஒரு பழக்கம் இருந்தது. குழந்தையின் முகத்தைப் பார்க்குமுன் பாதத்தைத் தொடுவார். ஒவ்வொரு கட்டிலாகப் போய், போர்வையை விலக்கி, இரண்டு பாதங்களையும் உள்ளங்கையால் பொத்திப் பிடிப்பார். பிறகு கை நகத்தை அழுத்தி விட்டுவிட்டு, வெளுத்த இடத்தில் மறுபடி சிவப்பு வருகிறதா என்று "ஒண்ணு, ரெண்டு" எண்ணுவார். ஒரு தெலுங்குக்காரப் பாட்டி, நர்ஸம்மா தன் பேரனின் காலைத் தொட்டுவிட்டாரே என்று பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பெரிய சிஸ்டருக்குச் சிரிப்பு. பாதம் ஜில்லிட்டால் ரத்தம் சரியாக ஓடவில்லை என்று அர்த்தமாம். எங்கள் இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் கேஜ் என்கிற அளவுக்கருவி போட்டுப் பார்க்கிற ஆள்கூட அவ்வளவு கவனமாகப் பார்த்து நான் கண்டதில்லை. நோயாளிகள் அத்தனை பேர் இருந்தும், கட்டில்கள் அவ்வளவு குறைவாக இருந்தும், மணிக்கு ஒருமுறை அந்தக் கை எல்லாப் பாதங்களையும் தொட்டுவிட்டுத்தான் போகும். உட்கார்ந்து சாப்பிட நேரமில்லாமல், மேஜையோரம் நின்றபடியே டிபன் டப்பாவிலிருந்த களியை உருட்டி விழுங்குவார்.

டாக்டரம்மா வந்து பார்த்தார். டெங்கு என்றார். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியே போகிறது, அதை ஈடுகட்டக் குளுக்கோஸ் பாட்டில் ஏற்ற வேண்டும், கூடவும் கூடாது குறையவும் கூடாது என்றார். எனக்கு ஏற்ற வேண்டும் என்பது மட்டும்தான் காதில் நின்றது. பதினொரு மணிக்கு, எங்கள் வரிசையைப் பார்த்துக்கொள்கிற சின்ன சிஸ்டர் பாட்டிலை மாட்டினார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, உதடு அசையச் சொட்டுகளை எண்ணி, அந்த நீலச் சக்கரத்தை மயிரிழை அளவு நகர்த்தி நகர்த்தி வைத்தார். நாலு மணிவரை ஓட வேண்டிய பாட்டில் அது.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பாய் வீட்டு அக்கா. பழ மண்டி வியாபாரக் குடும்பம். மூன்று வயதுப் பெண் குழந்தையோடு எங்களுக்கு முந்தின நாளே வந்தவர். வாய் கொஞ்சம் கூடுதல், மனசு அதைவிடக் கூடுதல். நான் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "அண்ணே, கழுத்து சுளுக்கிக்கப் போவுது. இங்க யாரும் உங்கள கடிச்சுட மாட்டோம்" என்றார். சுற்றி இருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். "என்னா வேல பாக்கறீங்க?" என்று கேட்டார். சி.என்.சி. மெஷின் ஓட்டுகிறேன் என்றேன். "அப்ப நம்ம வார்டு ஃபேன் நின்னா உங்களத்தான் கூப்புடணும்" என்றார்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். என் மெஷினில் இரும்புத் துண்டைக் கடைகிறபோது அது பயங்கரமாகச் சூடாகும். அதன்மேல் ஒரு சின்னக் குழாயிலிருந்து கூலன்ட் என்கிற பால் மாதிரியான திரவம் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். அது குறைந்தால் இரும்பைச் சீவுகிற டூல் கருகிவிடும், துண்டும் வீண். அதனால் கூலன்ட் சொட்டாக விழுவதைக் கண்டால் ஆபரேட்டர் யோசிக்கவே மாட்டான். கை தானாகப் போய்க் குழாயைத் திறந்துவிடும். பன்னிரண்டு வருடமாக என் கைக்கு அது பழக்கம். பன்னிரண்டரை மணி இருக்கும். பெரிய சிஸ்டர் மருந்து வாங்க ஸ்டோர் அறைக்குப் போயிருந்தார். பாப்பா கண் மூடிக் கிடந்தாள். மேலே பார்த்தேன். சொட்டு... சொட்டு... அடுத்த சொட்டுக்கு நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். எதிர்க் கட்டிலில் ஒரு பெரிய குழந்தைக்குச் சொட்டு இதைவிட வேகமாக விழுந்துகொண்டிருந்தது. அவனுக்கு அவ்வளவு, என் பிள்ளைக்கு இவ்வளவுதானா என்று தோன்றியது. அரசாங்க ஆஸ்பத்திரியில் எல்லாமே மெதுவாகத்தான் நடக்கும் என்று வெளியில் ஆயிரம் பேர் பேசுவதைக் கேட்டிருக்கிறேனே, அதுவும் சேர்ந்துகொண்டது. எழுந்தேன். கட்டைவிரலை வைத்தேன். மேலே தள்ளினேன். சொட்டு நூலாக ஓடியது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்! என் பிள்ளைக்கு நான் ஏதோ செய்துவிட்டேன் என்ற பெருமை.

அது பாய் வீட்டு அக்கா கண்ணில் பட்டுவிட்டது. "அண்ணே, இவளுக்கும் கொஞ்சம் தொறந்து உடுங்கண்ணே. உங்களுக்குத்தான் மெஷின் வேலை தெரியுதே" என்றார். கொஞ்ச நேரம் தயங்கினேன், பிறகு அதையும் கால் திருகு திருகினேன். மெஷின் வேலை தெரியுமல்லவா!

ஒன்றரை மணிக்குப் பெரிய சிஸ்டர் உள்ளே வந்தார். வழக்கம்போல முதல் கட்டிலிலிருந்து பாதம் பாதமாகத் தொட்டுக்கொண்டு வந்தவர், எங்கள் கட்டிலுக்கு மூன்று கட்டில் தள்ளியே நின்றுவிட்டார். அங்கிருந்தே பாப்பாவின் மூச்சு அவர் கண்ணில் பட்டுவிட்டது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் தூங்குகிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நெஞ்சுக்கூடு வேகவேகமாக ஏறி இறங்கியது. கண் இமை இரண்டும் வீங்கியிருந்தன. லேசாக இருமினாள். பெரிய சிஸ்டர் பாட்டிலைப் பார்த்தார். நாலு மணிக்குத் தீர வேண்டியது, அடிமட்டத்தில் இருந்தது. ஒரே எட்டில் வந்து சக்கரத்தை மூடினார். "டாக்டர கூப்புடு!" என்று அவர் போட்ட சத்தத்தில் வார்டே அடங்கிவிட்டது.

டாக்டரம்மா ஓடி வந்தார். தலைமாட்டைத் தூக்கினார்கள், மூக்கில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். டாக்டரம்மா நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தபடி, "தண்ணி எவ்வளவு போயிருக்கு?" என்று கேட்டார். பெரிய சிஸ்டர் திரும்பிச் சின்ன சிஸ்டரைப் பார்த்தார்.

"சொட்டு எண்ணித்தான வச்ச?"

"எண்ணித்தான்க்கா வச்சேன். சத்தியமா எண்ணித்தான்..."

"அப்ப இது தானா ஓடுச்சா? ஒரு பாட்டில் எப்பிடி போச்சு? அம்மாம் கவனமா?"

சின்ன சிஸ்டரின் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. ஒப்பந்த வேலை, இன்னும் நிரந்தரம் ஆகவில்லை என்று காலையில்தான் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் பாய் வீட்டு அக்கா என்னைப் பார்த்தார். அவர் கை மெதுவாகத் தன் குழந்தையின் குழாய்மேல் போய் நின்றது. எதைத் தொடுவது, எதைத் தொடக்கூடாது என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது.

எனக்குள் என்ன ஓடியது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். சொன்னால் என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள். 'ஒரே ஒரு புகார்' என்று காலையில்தானே சொன்னார். நான் வெளியே போனால் பாப்பாவின் பக்கத்தில் யார் இருப்பது? வயிற்றில் உன்னை வைத்துக்கொண்டு உன் அம்மா இந்தக் கொசுக் கூட்டத்துக்குள் வருவதா? சொல்லாவிட்டால்? பக்கத்துக் கட்டிலில் நான் திறந்துவிட்ட சொட்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் லைனில் ஒவ்வொரு மெஷினுக்கும் மேலே ஒரு சிவப்பு பட்டன் இருக்கும். தப்பான துண்டு கைதவறிப் போய்விட்டது என்று தெரிந்தால் அதை அமுக்க வேண்டும். விளக்கு எரியும், மொத்த லைனும் நிற்கும், எல்லோரும் திரும்பி உன்னைப் பார்ப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுப்பார்கள், தப்பு செய்தவனை விடலாம், தெரிந்தும் பட்டனை அமுக்காதவனை விடக்கூடாது என்று. வார்டில் பட்டன் இல்லை. நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினேன்.

"சிஸ்டர், நான்தான்."

"என்னா நான்தான்?"

"சக்கரத்த நான்தான் தொறந்து உட்டேன். பன்னண்டரைக்கு. முழுசா. பக்கத்துப் பாப்பாவுக்கும் கொஞ்சம் தொறந்துட்டேன்."

பெரிய சிஸ்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. பாய்ந்து போய்ப் பக்கத்துக் குழந்தையின் சக்கரத்தை மூடினார், பாதத்தைப் பிடித்தார், நகத்தை அழுத்தி எண்ணினார். "இது நல்லாருக்குது" என்று அவர் சொன்ன பிறகுதான் அந்த அக்காவுக்கு மூச்சே வந்தது. அதற்குள் டாக்டரம்மா, "ஒரு மணி நேரமா முழு வேகமா? சரி, புரிஞ்சுடுச்சு" என்று சொல்லிக்கொண்டே ஊசியைக் கேட்டார். சிறுநீர் பிரிவதற்கான ஊசி. பிறகு அவரே எனக்கு விளக்கினார். மூச்சு வாங்குவது நோய் முற்றியதாலா, தண்ணீர் அதிகமாகிப் போனதாலா என்று தெரியாமல் ஒரு நிமிடம் குழம்பினாராம். முதலாவது என்றால் இன்னும் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். இரண்டாவது என்றால் உடனே நிறுத்த வேண்டும். "நீங்க சொல்லலன்னா இன்னும் சோதிச்சு பாத்துக்கினு இருந்திருப்போம், நேரம் போயிருக்கும்" என்றார். கேட்டதும் நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தேன்.

"எங்க கெளம்பிட்டீங்க?" பெரிய சிஸ்டரின் குரல்.

"நீங்கதான சிஸ்டர் சொன்னீங்க, ஒரு புகார் வந்தாலும்..."

"உங்கமேல புகார் குடுத்தது யாரு? நீங்கதான? உங்க புகார நான் எடுத்துக்க மாட்டேன். பொண்ணுக்கு மூத்தரம் எவ்ளோ போவுதுன்னு அளந்து எழுதணும், அத யாரு செய்யறது, நானா? வந்து உக்காருங்க." அப்புறம் சின்ன சிஸ்டரிடம் போனார். நாற்பது பேர் பார்க்க, "தப்பா பேசிட்டேம்மா. நீ சரியாத்தான் வச்சிருக்க. மனசுல வச்சுக்காத" என்றார். கம்பெனியில் எத்தனையோ மேனேஜர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லோர் எதிரிலும் திட்டியவர் எல்லோர் எதிரிலும் மன்னிப்புக் கேட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிறகு என்னிடம் வந்தார். "உங்களுக்கு தண்டனை உண்டு. இந்த சக்கரத்த திருகறது நீங்க மட்டும்னு நெனைக்காதீங்க. வாரத்துக்கு பத்து பேரு திருகறாங்க. சீக்கிரம் தீந்தா சீக்கிரம் வீட்டுக்கு போலாம்னு ஒருத்தரு, சொட்டு பத்தலன்னு ஒருத்தரு. நாங்க தொடாதீங்கன்னா யாரும் கேக்கறதில்ல, நர்ஸம்மா வெரட்டறாங்கன்னு நெனைக்கறாங்க. இனிமே இந்த வார்டுக்கு புதுசா வர்றவங்க ஒவ்வொருத்தருக்கும் நீங்க சொல்லணும். நீங்க என்னா செஞ்சீங்க, உங்க பொண்ணுக்கு என்னா ஆச்சு, அத அப்பிடியே சொல்லணும்."

மூன்று மணி இருக்கும். பாப்பா கண் திறந்தாள். "அப்பா, ஒண்ணுக்கு வருது" என்றாள். அந்த மூன்று வார்த்தையைவிட இனிப்பான ஒன்றை என் ஆயுளில் நான் கேட்டதில்லை! பாத்திரத்தைப் பிடித்தேன். நிற்கவே மாட்டேன் என்கிறது. அளவு ஜாடியில் ஊற்றினேன், ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று கோடு. வெற்றிக் கோப்பை வாங்கியவன் மாதிரி அதை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு வார்டின் நடுவில் ஓடினேன். தலையைக் குனிந்துகொள்ள வேண்டும் என்பதெல்லாம் மறந்தே போனது. "சிஸ்டர்! முந்நூறு! சிஸ்டர், முந்நூறு!" சின்ன சிஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். பாய் வீட்டு அக்கா "மாஷா அல்லா" என்றவர், "அண்ணே, பாத்து, சிந்திடப் போவுது" என்று கத்தினார். எந்தக் கட்டிலிலிருந்தோ யாரோ கைதட்ட, எல்லாரும் தட்டினார்கள். பெரிய சிஸ்டர் வந்து, வழக்கம்போல முதலில் பாதத்தைத் தொட்டார். "சூடு வந்துடுச்சு" என்றார்.

தண்டனை அன்று மாலையே ஆரம்பமானது. முதல் ஆளிடம் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். இரண்டாவது ஆளுக்குத் தெலுங்குதான் தெரியும். டூல் ரூமில் என்னோடு வேலை செய்கிறவரிடம் கற்ற தெலுங்கை வைத்து, "முட்டுகோவத்தம்மா", அதாவது தொடாதீங்கம்மா, என்று ஆரம்பித்துக் கையால் மூச்சு வாங்கிக் காட்டினேன். அந்த அம்மா பயந்துபோய், எனக்குத்தான் ஏதோ உடம்பு சரியில்லை என்று சிஸ்டரைக் கூப்பிட்டுவிட்டார். மூன்றாவது நாலாவது ஆளுக்குள் எனக்குப் பிடிபட்டுவிட்டது. 'தொடாதீர்கள்' என்று ஆரம்பித்தால் ஆள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். 'நான் தொட்டுவிட்டேன்' என்று ஆரம்பித்தால் அருகில் வந்து உட்கார்ந்து கேட்கிறார். சொல்லச் சொல்ல வெட்கம் தேய்ந்து வேறு ஏதோ ஓர் உற்சாகம் பிடித்துக்கொண்டது. புதுக் குழந்தை வந்தால் டிரிப் மாட்டும் முன்பே நான் தயாராக நிற்பேன். என் சட்டைப் பையில் மஞ்சள் பெயின்ட் பேனா இருந்தது. கம்பெனியில் நட்டை முறுக்கிய பிறகு நட்டுக்கும் அடிக்கும் சேர்த்து ஒரே கோடு போடுவோம். யாராவது அசைத்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். பெரிய சிஸ்டரிடம் அனுமதி கேட்டு, அவர் சொட்டு எண்ணி வைத்த பிறகு சக்கரத்துக்கும் கூட்டுக்கும் சேர்த்து மெல்லிய கோடு போட்டேன். ஒன்றில் போட்டதைப் பார்த்தவர், மறுநாள் "எல்லாத்துலயும் போடுங்க" என்றார். சொட்டு மாறினால் புதுக் கோடு. ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர், "இது என்ன மஞ்சள்?" என்று கேட்க, "அது நம்ம கம்பெனிக்காரர் கண்டுபிடிப்பு சார்" என்றார் பெரிய சிஸ்டர். எனக்கு அன்றைக்கு இருந்த மிதப்பைப் பார்த்துப் பாய் வீட்டு அக்கா, "ஆமா, திருகுனதும் அவரேதான், அதையும் சொல்லுங்க" என்று குட்டு வைத்தார். சிரிக்காதவர் இல்லை.

கடைசி நாள். வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் மாத்திரை வாங்கக் கீழே வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பி வருகிறேன். நாங்கள் காலி செய்யப்போகிற கட்டிலின் கால்மாட்டில் தளியிலிருந்து ஒரு குடும்பத்தைச் சேர்த்திருந்தார்கள். கன்னடம் பேசுகிற, பூத்தோட்டத்தில் வேலை செய்கிற பெண்மணி. கையில் மண் நிறம் போகவே இல்லை. அவர் மகனுக்குப் பாட்டில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து நின்று, நான் பார்த்த அதே பார்வையாக மேலே பார்த்தார். சொட்டு விழுவதைப் பார்த்தார். கை மேலே போனது. நான் வாசலில் இருக்கிறேன். கத்த வாயைத் திறந்தேன்.

அதற்குள் என் கட்டிலிலிருந்து ஒரு குரல். பாப்பா எழுந்து கட்டில்மேல் நிற்கிறாள்! ஐந்து நாளுக்கு முன் தலையைத் தூக்க முடியாமல் கிடந்தவள், கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துத் தோழிகளிடம் பழகிய சுத்தமான கன்னடத்தில் சத்தமாகச் சொல்கிறாள்: "அம்மா, முட்டபேடி! நம்மப்பா முட்டி நானு சாயோ ஹங்காகித்து!" தொடாதீர்கள், எங்கள் அப்பா தொட்டு நான் சாகப்போனேன் என்கிறாள். அதோடு விடவில்லை. ஓடிய சொட்டு, வீங்கிய இமை, வாங்கிய மூச்சு, முந்நூறு மில்லி என்று நான் ஐந்து நாளாகச் சொன்னதை ஒரு சொல் விடாமல், என்னைவிட அழகாகச் சொல்லி முடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு அவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்! அந்தப் பெண்மணியின் கை கீழே இறங்கியது. வந்து கட்டிலோரம் உட்கார்ந்து, பாப்பாவின் கன்னத்தைத் தடவினார். பாப்பா வாசலில் நின்ற என்னைக் காட்டி, "அதோ, அவருதான்" என்றாள். நாற்பது தலையும் என் பக்கம் திரும்பியது. அந்தப் பெருமையில் அவள் முகம் எப்படி இருந்தது தெரியுமா தம்பி! அப்பா எதிலோ முதல் பரிசு வாங்கிய மாதிரி.

பெரிய சிஸ்டர் என் கையில் டிஸ்சார்ஜ் சீட்டைக் கொடுத்தார். "உங்க தண்டனை முடிஞ்சுது. உங்க பொண்ணு உங்களவிட நல்லா சொல்லுது" என்றார். சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்ப் போர்வையை விலக்கினார்.

அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். இப்போது பெரிய ஆஸ்பத்திரிகளில் சொட்டை எண்ணிவிட ஒரு மெஷினே வந்துவிட்டது, தொட்டால் அலறும் என்கிறார்கள். நல்லதுதான். ஆனாலும் எல்லா ஊரிலும் எல்லாக் கட்டிலுக்கும் அது வந்து சேர இன்னும் நாளாகும். அதுவரைக்கும் எத்தனையோ அப்பாக்களும் அம்மாக்களும் பிள்ளைமேல் இருக்கிற ஆசையில் மேலே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் கம்பெனியில் புதிதாக வருகிறவர்களுக்குச் சிவப்பு பட்டனைக் காட்டுகிற வேலை இப்போது என்னுடையது. பட்டனைக் காட்டும் முன் நான் சொல்வது இந்தக் கதையைத்தான். தம்பி, உனக்குக் கன்னடம் உன் அக்காவைவிட நன்றாக வருகிறது. உன் வகுப்பில் யாருக்காவது காய்ச்சல், ஆஸ்பத்திரியில் பாட்டில் ஏற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் ஓடிப்போய்ச் சொல்லு. யாரோ ஒரு ஆள் திருகினார் என்று சொல்லாதே, அப்படிச் சொன்னால் கேட்க மாட்டார்கள். எங்கப்பாதான் திருகினார் என்று சொல்லு.